யூதக் குடும்பங்களை வீட்டில் மறைத்து வைத்தவர்களை எப்படி அழைக்கிறார்கள்? அது ஏன் அவ்வளவு ஆபத்தாக இருந்தது?

நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த காலத்தில், கைம்மாறு கேட்காமல் உயிரைப் பணயம் வைத்து அவர்களைக் காப்பாற்றிய யூதரல்லாதவர்களை 'உலக மக்களில் நீதிமான்கள்' என்பார்கள். இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் 1963 முதல் இந்தக் கௌரவத்தை வழங்குகிறது.

ஆளை ஒளிப்பதைவிடச் சோறு போடுவது கஷ்டம். விருந்தாளி வந்திருப்பதை, கூடுதலாக வாங்கும் ஒரு பாக்கெட் பாலை வைத்தே பக்கத்து வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? அப்படித்தான். நாஜி ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்தில், யூதர்களை மறைத்து வைத்தால் மரண தண்டனை. மார்கோவா கிராமத்து விவசாயி யூசெஃப் உல்மா 8 யூதர்களுக்கு அடைக்கலம் தந்தார். 1944 மார்ச் 24 அன்று அந்த 8 பேரையும், அவரையும், கர்ப்பிணி மனைவி விக்டோரியாவையும், 6 குழந்தைகளையும் ஜெர்மன் போலீசார் கொன்றார்கள். மூத்தவளுக்கே 8 வயது ஆகவில்லை.

காப்பாற்றியவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அல்பேனியாவின் முஸ்லிம் குடும்பங்களும் இந்தக் கௌரவத்தைப் பெற்றிருக்கின்றன.