நகரமைப்பு அதிகாரி ஆக விரும்புவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

பெங்களூருத் தமிழ் வாசகர்கள் நகரமைப்புப் பணி பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, அத்துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, நான் பியூசி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் தெருவில் வீடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறை ஒன்று வந்தது. எந்த இடத்தில் எது வரலாம் என்று முடிவு செய்பவர் யார் என்று தேடியபோது, அமெரிக்க உள்ளாட்சிகளில் ஜோனிங் டைரக்டர் என்றொரு பதவி இருப்பதை அறிந்தேன். நம் ஊரில் அப்படி ஒரு பதவி உண்டா? அதற்கு என்ன படிக்க வேண்டும்?
– மாணவி, லிங்கராஜபுரம்

பதில்: அந்தப் பெயரில் இங்கே பதவி இல்லை. ஆனால் அந்த வேலை இருக்கிறது. அது பல அலுவலகங்களுக்குப் பங்கிட்டுத் தரப்பட்டிருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளில் முதலாவதாக நகரத் திட்டமிடலும், இரண்டாவதாக நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவதும் இடம்பெற்றுள்ளன. ஆனாலும் பெங்களூரில் மண்டலங்களை வகுக்கும் மாஸ்டர் பிளானை, 1961ஆம் ஆண்டின் கர்நாடக நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, மாநகராட்சி அல்ல, பிடிஏ என்று எல்லோரும் சொல்லும் பெங்களூரு வளர்ச்சி ஆணையமே தயாரித்து வந்தது. அந்தப் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு தனித்தனிக் கட்டடங்களுக்கு அனுமதி தருவது, பெரும்பாலான பகுதிகளில், மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவு. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த கிரேட்டர் பெங்களூரு நிர்வாகச் சட்டத்தின்படி, நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு மேல் ஓர் ஆணையமும் அமைந்திருக்கிறது. ஆகவே நீங்கள் படித்து முடித்து வரும்போது, இந்த நாற்காலிகள் இன்று இருக்கும் அதே வரிசையில் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

நீங்கள் மனதில் நினைத்திருக்கும் பதவிக்கு மிக அருகில் இருப்பவர் நகரமைப்பு இணை இயக்குநர். அலுவலகத்தில் ஜேடிடிபி என்பார்கள். உதவி நகரமைப்பாளராகப் பணியில் சேர்ந்து, உதவி இயக்குநர், துணை இயக்குநர் என்று படிப்படியாக உயர்ந்து, பெரும்பாலும் பணிக்காலத்தின் பிற்பாதியில்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

படிப்புக்கு வருகிறேன். பியூசியில் கணிதம் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இளநிலைத் திட்டமிடல் படிப்பான பி.பிளான் சேர்க்கைக்கு ஜேஇஇ மெயின் தேர்வின் 2பி தாளை எழுத வேண்டும். டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று இடங்களில் மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகள் இருக்கின்றன. கட்டடக்கலையோ சிவில் பொறியியலோ படித்துவிட்டு, கேட் தேர்வு எழுதி முதுநிலையில் திட்டமிடலுக்கு வருவோரும் பலர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் அந்த முதுநிலைப் படிப்பு உண்டு. ஆள் தேவையைப் பற்றி ஐயம் வேண்டாம். நீதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவைப்பட, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களே 3,945 என்றும், அவற்றிலும் 42 விழுக்காடு காலியாகக் கிடக்கின்றன என்றும் கூறுகிறது. தேவை இருக்கிறது என்பதாலேயே வேலை காத்திருக்கிறது என்று பொருளாகாது. அரசு பணியிடத்தை அறிவிக்க வேண்டும், தேர்வு நடக்க வேண்டும், அதற்குச் சில ஆண்டுகள் கூடப் போகலாம்.

தேர்வு முடிந்து வரும் விடுமுறையில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். 2015ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு 2007இல் ஒப்புதல் பெற்ற மாஸ்டர் பிளான்தான் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 2017இல் வெளியான அடுத்த வரைவு பின்னர் திரும்பப் பெறப்பட்டது. நடைமுறையில் இருக்கும் அந்தப் பிளானில் உங்கள் பகுதிக்கான நிலப் பயன்பாட்டு வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு, வண்ணப் பென்சில்களுடன் நான்கு தெருக்கள் நடந்து, தாளில் குடியிருப்பு என்று இருக்கும் இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று குறித்து வாருங்கள். அந்தப் பட்டறை எந்த மண்டலத்தில் நிற்கிறது, அது நிற்கும் சாலையின் அகலம் என்ன என்பதும் அப்போது தெரிந்துவிடும். சாலையின் அகலத்தைப் பொறுத்தே பல அனுமதிகள் மாறுகின்றன. 1915ஆம் ஆண்டு சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்வையிட்ட பாட்ரிக் கெட்டஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் தஞ்சாவூருக்கு எழுதிய ஆலோசனை, இடித்துத் தள்ளி நேர்த்தெரு போடாமல், தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும் என்பது. ஊரைக் கால்நடையாகப் பார்த்தவருக்குத்தான் அப்படி எழுத வரும்.

கேள்வி: என் மகன் சிவில் இன்ஜினியர். ஒயிட்ஃபீல்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறான். நகரமைப்புத் துறைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். கன்னடம் பேசுவான், எழுத வராது. சம்பளம் குறைந்துவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.
– இல்லத்தரசி, ஹலசூரு

பதில்: அம்மா, சம்பளம் தொடக்கத்தில் குறையக்கூடும், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் உங்கள் மகனின் நான்கு ஆண்டு அனுபவம் வீண் போகாது. வரைபடத்தில் பக்கவாட்டில் விட்ட இடம் கட்டும்போது எப்படிக் காணாமல் போகிறது, கார் நிறுத்தம் என்று காட்டிய தரைத்தளம் எப்படிக் கடையாகிறது என்பதைக் களத்தில் பார்த்தவர்கள், கல்லூரியிலிருந்து நேராக வருபவர்களைவிடச் சீக்கிரம் தேறுவதை நான் கண்டிருக்கிறேன்.

கன்னடத்தைத்தான் இன்றே தொடங்க வேண்டும். கர்நாடக அரசுப் பணித் தேர்வாணையத்தின் தேர்வில் கட்டாயக் கன்னடத் தாளில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது ஒரு காரணம்; அதைவிடப் பெரிய காரணம், நிலத்தின் வரலாறு முழுவதும் கன்னடத்தில் எழுதப்பட்டிருப்பது. பஹணி என்கிற நில உரிமைப் பதிவேட்டில் ‘பி கராபு’ என்று ஒரு சிறு குறிப்பு இருந்தால், அந்தத் துண்டு பாதை, ஓடை போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்று பொருள். ‘ஹள்ள’ என்று எழுதியிருப்பதை வெறும் பள்ளம் என்று நினைத்து ஓடையைத் தவறவிட்ட தமிழ் நண்பரை எனக்குத் தெரியும். ஏரியைக் கெரெ என்பார்கள். 40 குண்டெ ஓர் ஏக்கர். இந்தச் சொற்களும் அளவுகளும் மூச்சைப்போல் இயல்பாக வர வேண்டும். பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தைக் கற்பது ஆறு மாத உழைப்பு. தினம் ஒரு கன்னட நாளிதழை உரக்கப் படித்து, ஒரு பத்தியைப் பார்த்து எழுதினால் வந்துவிடும்.

தமிழிலேயே பணியாற்ற விரும்பினால், ஓசூருக்கு அப்பால் தமிழ்நாட்டின் நகர் ஊரமைப்புத் துறை இருக்கிறது. அதற்கும் அங்குள்ள தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. எந்த மாநிலமானாலும், தகுதி விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், நண்பர்கள் சொல்வதை நம்பாமல் ஒவ்வொரு அறிவிப்பையும் முழுமையாகப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நகரமைப்புத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். கன்வர்ஷனும் நிலப் பயன்பாட்டு மாற்றமும் ஒன்றுதானா? புத்தகம் படித்தும் குழப்பம் தீரவில்லை.
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: இரண்டும் வேறு. விவசாய நிலத்தை விவசாயமல்லாத பயன்பாட்டுக்கு மாற்றுவது கன்வர்ஷன். 1964ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 95ஆம் பிரிவின்படி பொதுவாக மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டியது. மாஸ்டர் பிளானில் ஓர் இடத்துக்குக் குறித்திருக்கும் மண்டலத்தையே மாற்றுவது நிலப் பயன்பாட்டு மாற்றம். நகர் ஊரமைப்புச் சட்டம், 14ஏ பிரிவின்படி திட்டமிடும் ஆணையம், மாநில அரசின் முன் ஒப்புதலோடு, பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கேட்ட பிறகே செய்யக்கூடியது. முன்னது ஒரு நிலத்தின் கணக்கு. பின்னது அண்டை வீட்டாரையும் தொடுகிறது, அதனால்தான் அவர்களுக்கு அறிவிப்பு. கன்வர்ஷன் கையில் இருக்கிறது என்பதற்காக, மாஸ்டர் பிளானில் பசுமை மண்டலம் என்று குறித்திருக்கும் இடத்தில் வீட்டுமனை வாங்கி ஏமாந்த குடும்பங்கள் இந்த நகரத்தின் விளிம்பில் ஏராளம்.

கேள்வி: நகரத்தை ஒட்டிய ஒரு திட்டமிடல் அலுவலகத்தில் ஒப்பந்த முறையில் பணியாற்றுகிறேன். ஒரு லேஅவுட் கோப்பில், இடத்தின் குறுக்கே ஓடை செல்கிறது என்று எழுதியிருந்தேன். ‘இப்போது அங்கே தண்ணீரே இல்லை, அந்த வரியை எடுத்துவிடு’ என்று மேலே இருப்பவர் சொல்கிறார். இந்தத் துறையில் நேர்மையாக இருந்து உயர முடியுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் எழுதியதைப்போன்ற ஒரு வரியை எழுதாமல் விட்டவன் நான். அதனால் இதற்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில், விண்ணப்பதாரர் கொடுத்த சர்வே ஸ்கெட்சை மட்டும் பார்த்து ஒரு லேஅவுட்டுக்குப் பரிந்துரை எழுதினேன். கோடைக்காலம், நேரில் போனபோது முள்செடிகள்தான் இருந்தன. வருவாய்த் துறையின் பழைய கிராம வரைபடத்தை வரவழைத்துப் பார்த்திருந்தால், இரட்டைக் கோடாக ஒரு கால்வாய் மேலேயுள்ள ஏரியிலிருந்து கீழேயுள்ள ஏரிக்கு இறங்குவது தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு பெருமழை இரவில் அந்த மனைகளில் கட்டிய வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மறுநாள் போனேன், அரிசி மூட்டையை வெயிலில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, ‘சார், அரசாங்கம் கையெழுத்துப் போட்ட இடம்தானே இது?’ என்று என்னையே கேட்டார். அந்தக் கையெழுத்து என்னுடையது என்று அவருக்குத் தெரியாது.

பெங்களூரின் பழைய ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிரம்பி வழியும் சங்கிலிகளாக அமைந்தவை. மெஜஸ்டிக்கில் பேருந்து ஏறுகிறோமே, அது தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் இடம். ஏரி மறைந்தாலும் சரிவு மறைவதில்லை என்பதை 2022 செப்டம்பரில் மகாதேவபுரா, பெல்லந்தூர் பகுதிகளில் எல்லோரும் கண்டோம். ஏரி, கால்வாய் ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற அளவும் நிலையாக இருந்ததில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஏரியைச் சுற்றி 75 மீட்டர் என்றது. உச்ச நீதிமன்றம் 2019இல் அதை ரத்து செய்து, மாஸ்டர் பிளானில் இருந்த 30 மீட்டருக்கே திரும்பச் செய்தது. ராஜகால்வாய்கள் எனப்படும் மழைநீர்க் கால்வாய்களுக்கு, அவற்றின் தரத்துக்கேற்ப, அந்தப் பிளானில் 50, 25, 15 மீட்டர் என்று இருந்தது. அளவு மாறலாம், அதைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல. ஆனால் அங்கே கால்வாய் இருக்கிறது என்று சொல்வது உங்கள் வேலை. நீங்கள் சொல்லாவிட்டால் எந்த அளவையும் பொருத்திப் பார்க்க இடமே இல்லாமல் போய்விடும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: உயர முடியும், தாமதமாகலாம். நேர்மையான அதிகாரிகள் இடமாற்றங்களைச் சந்தித்தார்கள், சிலர் இணை இயக்குநராகவும் ஓய்வு பெற்றார்கள். அவர்களிடம் நான் பொதுவாகக் கண்டது, சண்டை போடும் குணமன்று, குறிப்பு எழுதும் ஒழுங்கு. களத்தில் கண்டதை ஒரு பத்தியில், பொருந்தும் விதியைப் பிரிவு எண்ணோடு அடுத்த பத்தியில், தம் பரிந்துரையைக் கடைசிப் பத்தியில் என்று தனித்தனியாக எழுதுவார்கள். பரிந்துரையோடு மேலதிகாரி முரண்படலாம். அது அவர் உரிமை, அவர் காரணத்தை எழுதி அவர் கையெழுத்தைப் போடட்டும். களத்தில் கண்டதை மாற்றி எழுதச் சொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது. அதே ஒழுங்கு விண்ணப்பதாரரையும் காக்கும்: விதிப்படி சரியாக இருக்கும் கோப்பை, பழி வந்துவிடுமோ என்று அஞ்சி மாதக்கணக்கில் மேசையில் வைத்திருப்பதும் அநியாயமே, அதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தப் பணியாளரான உங்களுக்குப் பாதுகாப்பு குறைவு என்பதை அறிவேன். வீறாப்பாக மறுத்துப் பேசுங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த வரியை எடுக்காதீர்கள், அதற்குப் பதிலாக, ‘தற்போது நீரோட்டம் இல்லை, எனினும் கிராம வரைபடத்தில் கால்வாய் காட்டப்பட்டுள்ளது’ என்று இரண்டு உண்மைகளையும் சேர்த்து எழுதித் தருவதாக அவரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதற்கு இசைந்துவிடுவார்கள். எழுதும்போது அந்த வரைபடத்தின் சான்றிட்ட நகலையும், தேதி தெரியும் களப் புகைப்படங்களையும் கோப்பிலேயே பக்க எண்ணிட்டு இணைத்துவிடுங்கள். குறிப்பின் வாசகத்தில் அந்தப் பக்க எண்களையும் குறிப்பிடுங்கள்.