ராக்கி மலைப் பூங்கா: முதல் நாளே உச்சிக்குப் போகலாமா?

கேள்வி: ஜூலையில் அமெரிக்காவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு மூன்று நாள் பயணம். அம்மாவுக்கு எழுபது வயது, பையனுக்கு ஏழு. டென்வரில் இறங்கிய அன்றே பூங்காவின் உயரமான மலைச்சாலையான டிரெயில் ரிட்ஜ் சாலையில் ஏறிவிடலாமா?

பதில்: வேண்டாம். டென்வரே சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தச் சாலையின் உச்சி 3,713 மீட்டர். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வரும் உயர நோய், மேலே போய்ச் சேர்ந்த உடனே தெரியாது. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். பகலில் தெம்பாக இருந்தவர் ராத்திரி தலைவலியும் குமட்டலுமாக எழுந்து உட்காருவார். அதனால் முதல் இரவு பூங்கா வாசலுக்குப் பக்கத்திலுள்ள எஸ்டெஸ் பார்க் ஊரிலேயே (சுமார் 2,300 மீட்டர்) தங்கிவிடுங்கள். மறுநாள் பூங்காவுக்குள் இருக்கும் பேர் ஏரி, 2,880 மீட்டர். டிரெயில் ரிட்ஜை மூன்றாம் நாள் காலைக்கு வையுங்கள்.

தலைவலி வந்தால், அது விடும்வரை மேலே ஏறக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்நுனியை ஒட்டுமாறு நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறக்கி மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மாவுக்கு இதயம், நுரையீரலில் ஏதாவது கோளாறு உண்டென்றால் பயணத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: நுழைவுச் சீட்டை வாசலில் வாங்கிக்கொள்ளலாம்தானே?

பதில்: பலர் ஏமாந்து திரும்புவது இங்கேதான். நுழைவுக் கட்டணம் வேறு, எத்தனை மணிக்கு உள்ளே போவோம் என்று முன்கூட்டியே பதியும் நேர முன்பதிவு வேறு. கோடையில் இரண்டும் வேண்டும். 2025 கோடையில் பேர் ஏரிச் சாலைக்குக் காலை 5 முதல் மாலை 6 வரையும், மற்றப் பகுதிகளுக்குக் காலை 9 முதல் பகல் 2 வரையும் முன்பதிவு கட்டாயமாக இருந்தது. ஜூலைக்கான பதிவு ஜூன் 1 காலை 8 மணிக்கு (அங்குள்ள நேரப்படி) திறந்தது. மிச்சம் வைத்த இடங்களை முந்தின நாள் இரவு 7 மணிக்கு விட்டார்கள். கிளம்பும் ஆண்டின் விதியைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, பேர் ஏரியும் சேர்ந்த அனுமதியாகவே எடுங்கள்.

கேள்வி: எமரால்டு ஏரி நடைக்கு எவ்வளவு நேரம்?

பதில்: பேர் ஏரியிலிருந்து போய்வர ஐந்தரை கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 200 மீட்டர். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்பது மலையேறிகள் போடும் பழைய கணக்கு. அதன்படி ஒன்றரை மணி நேரம் ஆகும். சிறுவனும் பாட்டியும் இருப்பதால் மூன்று மணி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறுக்கே கிளம்புங்கள். ஜூலையில் மதியம் திரண்டுவிடும் இடிமேகம். டிரெயில் ரிட்ஜின் உச்சியில் ஒதுங்க மரமே கிடையாது, அங்கே போகும் நாளில் பன்னிரண்டுக்குள் இறங்கிவிடுங்கள். இடி கேட்டால் காருக்குள் ஏறிக் கண்ணாடியை மூடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் குறைந்த கியரில் வாருங்கள். கருகல் வாடை வந்தால் ஓரம்கட்டி ஆறவிடுங்கள்.

கேள்வி: எல்க் மான் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாமா?

பதில்: 75 அடிக்குள் போகக் கூடாது, மூஸ் (மிகப் பெரிய மான் வகை), கரடி என்றால் 120 அடி. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். விரலுக்குப் பின்னால் விலங்கு முழுசாக மறையவில்லை என்றால் பின்வாங்குங்கள்.