அரை நொடி காத்திருந்தால் தீராது: ஈமேக்ஸில் பின்னணி ப்ராசஸும் வரிசை மாறும் பிழையும்

கேள்வி: ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் எனக்காக ஒரு சின்ன பேக்கேஜ் எழுதியிருக்கிறேன். ஃபைலைச் சேமித்தவுடன் பின்னணியில் ஒரு லின்டரை (நிரலில் பிழை தேடும் கருவியை) ஓட்டி, அது சொல்லும் பிழைகளுக்கு அந்தந்த வரியில் சிவப்புக் கோடு போடும். சில நேரம் கடைசிப் பிழை வருவதே இல்லை. சில நேரம் நான் திருத்திவிட்ட பிழைக்கு மறுபடி கோடு விழுகிறது. எடீபக்கில் (ஈமேக்ஸின் டீபக்கரில்) ஒவ்வோர் அடியாக ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. சென்டினலுக்குள், அதாவது பின்னணி ப்ராசஸ் முடியும்போது ஈமேக்ஸ் கூப்பிடும் ஃபங்ஷனுக்குள், சிட்-ஃபார் போட்டு அரை நொடி காக்க வைத்தேன். வீட்டில் ஈமேக்ஸ் 30, அங்கே சரியானது போலத் தெரிகிறது. அலுவலகத்தில் 28, அங்கே சரியாகவில்லை. எவ்வளவு நேரம் வைப்பது சரி?

பதில்: எவ்வளவு வைத்தாலும் சரிவராது. முதல் வேலையாக அந்த சிட்-ஃபாரை எடுத்துவிடுங்கள். நீங்கள் ஏதாவது விசையைத் தட்டினால் அது நேரம் முடியும் முன்பே திரும்பிவிடும். சேமித்த கையோடு தொடர்ந்து தட்டச்சு செய்பவருக்கு அரை நொடி என்பது பூஜ்யமாகக்கூட ஆகலாம். அது காத்திருக்கும் இடைவெளியில் வேறு ப்ராசஸ்களின் ஃபில்டரும் (வெளியீடு வரும்போது கூப்பிடப்படும் ஃபங்ஷன்) சென்டினலும் ஓடலாம் என்பது இன்னொரு சிக்கல். உங்கள் சென்டினல் பாதியில் நிற்கும்போது அடுத்த சென்டினல் உள்ளே புகுந்துவிடும்.

ஈமேக்ஸ் உங்கள் லிஸ்ப் வரிகளுக்கு நடுவே திடீரென்று ஃபில்டரைக் கூப்பிடாது. விசைக்காகவோ, நேரம் கழிவதற்காகவோ, ப்ராசஸின் வெளியீட்டுக்காகவோ காத்திருக்கும்போதுதான் பொதுவாக ஃபில்டரும் சென்டினலும் ஓடும். எடீபக்கில் பிழை ஒளிந்துகொள்வதும் இதனால்தான். ஒவ்வோர் அடியிலும் அது உங்கள் விசைக்காகக் காத்திருக்கிறது, அதற்குள் தாமதமாக வரவேண்டிய வெளியீடெல்லாம் வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆகவே இந்த வகைப் பிழைக்கு அடி அடியாக ஓட்டிப் பார்ப்பது உதவாது, பதிவுதான் உதவும். ப்ராசஸ் தொடங்கும் இடம், ஃபில்டர், சென்டினல் மூன்றிலும் ஒரு வரி சேருங்கள். நேரம், ப்ராசஸின் பெயர், என்ன நடந்தது, வந்த துண்டின் நீளம் ஆகியவற்றை ஒரு பட்டியலில் தள்ளினால் போதும். எரர் எழுந்தால் அங்கேயே நிறுத்திக் காட்டும் டீபக்-ஆன்-எரரையும் இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஃபில்டருக்குள் எழும் எரரை ஈமேக்ஸ் தானே பிடித்துக்கொண்டு ஒரு செய்தியை மட்டும் காட்டிவிட்டு மேலே போய்விடும், அதைக் கவனிக்காவிட்டால் உங்களுக்குத் தெரிவது காணாமல் போன ஒரு சிவப்புக் கோடு மட்டும்தான்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் குறைந்தது இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன. கடைசிப் பிழை காணாமல் போவதற்கு எனக்கு முதல் சந்தேகம் ஃபில்டர் மேல். ஃபில்டருக்கு வரும் துண்டு வரியின் முடிவில்தான் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரே வாசிப்பில் எடுக்கும் அளவுக்கு ஈமேக்ஸ் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 29 வரை அது 4096 பைட், 30இல் 65536. லின்டரின் வெளியீடு 4096ஐத் தாண்டினால் அலுவலகத்தில் துண்டாகும், வீட்டில் முழுதாக வரலாம். உங்கள் இரண்டு கணினிகளுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இது நல்ல விளக்கம். ஆனால் அந்த வரம்பை ஏற்றுவது மருந்து அல்ல. லின்டர் பாதி வரியை எழுதிவிட்டு யோசித்தாலும் துண்டு துண்டாகத்தான் வரும்.

உங்கள் வேலைக்கு ஃபில்டரே தேவையில்லை. நீங்கள் ஃபில்டர் எழுதாவிட்டால், வருவதையெல்லாம் ப்ராசஸுக்குக் கொடுத்த பஃபரில் (ஈமேக்ஸ் எழுத்தை வைத்திருக்கும் இடம்) ஈமேக்ஸே சேர்த்துவைக்கும். சென்டினலில் ஒரே தடவை அந்த பஃபரை ஆரம்பத்திலிருந்து படியுங்கள். தமிழ் எழுத்துள்ள வெளியீடு என்றால் இது இன்னும் நிம்மதி. ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகள் துண்டுகளுக்கு நடுவே பிரிந்தால் ஈமேக்ஸ் பார்த்துக்கொள்ளும், ஆனால் ‘கி’யில் உள்ள ககரம் ஒரு துண்டிலும் அதன் கொக்கி அடுத்த துண்டிலும் வந்தால் ஃபில்டர் அதைப் பிரித்துத்தான் பார்க்கும். பஃபரை மட்டும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாக உருவாக்குங்கள். ஒரே பெயருள்ள பஃபரில் இரண்டு லின்டர்கள் எழுதினால் வெளியீடு பின்னிக்கொள்ளும்.

இரண்டாவது சந்தேகம் ஸ்டாண்டர்ட் எரர், அதாவது நிரல்கள் பிழைச் செய்திகளை எழுதும் தனி வழி. ப்ராசஸைத் தொடங்கும் மேக்-ப்ராசஸில் அதற்குத் தனி பஃபர் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் ஈமேக்ஸ் அதை இன்னொரு பைப் ப்ராசஸாக நடத்துகிறது. அதற்கென்று தனி சென்டினல் உண்டு. லின்டரின் சென்டினல் ஓடும்போது எரர் பக்கத்தின் வெளியீடு முழுதாக வந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிரித்துப் பார்க்கும் தேவை இல்லையென்றால் அந்தத் தனி பஃபரை விட்டுவிடுங்கள், இரண்டும் ஒன்றாகவே வரும். தேவை என்றால் எரருக்கான பைப்பை நீங்களே உருவாக்கி, இரண்டு சென்டினலும் முடிந்த பிறகே படிக்கத் தொடங்குங்கள்.

இதை ஊகமாக விட வேண்டாம், வேண்டும்போதெல்லாம் வரவழைக்கலாம். லின்டருக்குப் பதில் நான்கு வரி ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை வையுங்கள். அது பாதி வரியை எழுதி, ஒரு நொடி தூங்கி, மீதியை எழுதட்டும். அப்புறம் ஒரு துணை ஷெல்லைப் பின்னணியில் விட்டுவிட்டு உடனே முடியட்டும். துணை ஷெல் இன்னொரு நொடி கழித்து ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு வரி எழுத வேண்டும். இணைப்பு வகையைப் பைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினல் வகையில் முதல் ஷெல் முடியும்போது துணை ஷெல்லும் சேர்ந்து சாகக்கூடும். இந்த ஸ்கிரிப்டோடு உங்கள் பழைய நிரல் ஒவ்வொரு முறையும் தோற்றால் பிழை கையில் சிக்கிவிட்டது என்று பொருள்.

திருத்திய பிழைக்கு மறுபடி கோடு விழுவது வேறு கதை. இரண்டு முறை அடுத்தடுத்து சேமிக்கிறீர்கள். முதல் லின்டர் இரண்டாவதற்குப் பிறகு முடிகிறது, பழைய முடிவு புதியதை அழித்துவிடுகிறது. ஃபைலின் பஃபருக்கு உரிய ஒரு மாறியில் ‘இப்போதைய ப்ராசஸ்’ எது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்டினலில் வந்திருப்பது அதுதானா என்று பாருங்கள், இல்லையென்றால் முடிவைக் குப்பையில் போடுங்கள். பழையதை டிலீட்-ப்ராசஸால் கொல்வதும் நல்லது. ஆனால் கொல்லும்போதும் அதன் சென்டினல் ஓடும் என்பதால், முதலில் மாறியைக் காலி செய்துவிட்டுக் கொல்லுங்கள். ஈமேக்ஸ் 26இல் புதிதாகத் திருப்பி எழுதப்பட்ட, இதே வேலையைச் செய்யும் ஃப்ளைமேக் பேக்கேஜின் கையேட்டு உதாரணமும் இதே சோதனையைத்தான் செய்கிறது.

லின்டர் ஓடும்போது நீங்கள் மேலே இரண்டு வரி சேர்த்துவிட்டால் ப்ராசஸ் சரியானதாக இருந்தும் வரி எண் தவறும். பஃபரில் எழுத்து மாறும்போது கூடும் ஓர் எண்ணை பஃபர்-சார்ஸ்-மாடிஃபைட்-டிக் தரும், தொடங்கும்போது அதை எடுத்துவைத்து, சென்டினலில் அது மாறவில்லையா என்று ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் கோடு போட வேண்டாம், அடுத்த சேமிப்பு வரட்டும். அந்த ஃபைலின் பஃபரையே மூடியிருக்கலாம் என்பதால் பஃபர்-லைவ்-பி சோதனையும் வேண்டும்.

சென்டினலுக்கு வரும் ‘ஃபினிஷ்ட்’ என்ற சொல்லை நம்பியும் எழுதாதீர்கள். பிழை கண்டால் பல லின்டர்கள் 1 என்ற எண்ணோடு முடியும், அப்போது அந்தச் சொல் வராது. ப்ராசஸ்-ஸ்டேட்டஸ் ‘எக்ஸிட்’ என்று சொல்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, இதற்கு டெஸ்ட் எழுதும்போது ‘ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை வெளியீட்டைப் படி’ என்று சுற்று போட்டுவிடாதீர்கள். ப்ராசஸ் செத்த பிறகும் பைப்பில் எழுத்து மிச்சம் இருக்கலாம். ஈமேக்ஸின் லிஸ்ப் கையேடு இந்தச் சுற்றைப் பிழையான உதாரணமாகவே காட்டி, அக்செப்ட்-ப்ராசஸ்-அவுட்புட் எதையாவது கொண்டுவந்துகொண்டே இருக்கும்வரை சுற்றச் சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது சென்டினல் முடிவது. அதனால் சென்டினலின் கடைசி வரியில் ஒரு கொடியை ஏற்றி, டெஸ்ட் அந்தக் கொடிக்காகக் காத்திருக்கட்டும். பத்து நொடியில் கொடி ஏறாவிட்டால் தோல்வி என்று அறிவித்துவிடுங்கள்.