வாசகர் கேள்வி: பதினாலில் பத்து

ஒரு வாசகர், விருதுநகர்: நாய் கடித்தால் இப்போதும் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி போடுகிறார்களா?

இல்லை. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் தயாரானது. 2004-இல் நாடு முழுக்க அந்த வகையையே நிறுத்திவிட்டார்கள். இப்போது புஜத்தில் நாலைந்து தடவையோடு சரி. கடித்த இடத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஆழமான கடி என்றால் கடிவாயிலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள், அதற்கும் மறுக்காதீர்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி சமாச்சாரமெல்லாம் வேண்டாம். நான் பழைய மருந்தை வயிற்றில் வாங்கிய ஆள். அந்தக் கதை அடுத்த பதிலில்.

ஒரு வாசகி, சாத்தூர்: உங்கள் பதில்களில் அடிக்கடி ஒரு கணக்கு டீச்சர் வந்து போகிறாரே, யார் அவர்?

ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர். ஊரில் 'நாய் டீச்சர்' என்றால்தான் தெரியும். காலையில் இரண்டு தூக்குச்சட்டியோடு வருவார். சின்னதில் அவருக்குச் சாப்பாடு, பெரியதில் நாய்களுக்குப் பழைய சோறு. பின்னாலேயே நாலைந்து வரும். பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் படுத்துக்கொள்ளும், ஒன்றுகூட உள்ளே வராது. எங்களைவிட அதுகளுக்கு ஒழுக்கம் அதிகம் என்று டீச்சரே சொல்லிக் காட்டுவார்.

ஒருநாள், குட்டி போட்டிருந்த தாய் நாயிடம் போய்க் குட்டியைத் தூக்கப் பார்த்தேன். கெண்டைக்காலில் போட்டது. அப்பா கூலி வேலைக்குப் போகிறவர், தினமும் டவுனுக்குக் கூட்டிப்போக முடியாது. டீச்சர் கூட்டிப்போனார். ஆறரை மணி முதல் பஸ். பிரேயருக்குள் திரும்ப வேண்டும். பல நாள் முடியாது. திட்டு வாங்கியது டீச்சர்தான்.

சீட்டில் 14 ஊசி எழுதியிருந்தது. முதல் நாள் அழுதுகொண்டே வெளியே வந்தேன். "பதினாலில் ஒண்ணு போச்சு. மிச்சம் எவ்வளவுடா?" என்றார். தினமும் இதே கேள்வி. ஏழாம் நாள், "பதினாலில் ஏழு. சுருக்கு" என்றார். "அரை, டீச்சர்." பஸ் ஸ்டாண்டில் ஒரு பால்பன் வாங்கிக் கொடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டே தின்றேன். பின்னக் கணக்கு எனக்கு வந்தது இப்படித்தான்.

கடித்த நாயை அடித்துக் கொல்லக் கம்போடு நாலு பேர் கிளம்பியிருந்தார்கள். அதற்குள் டீச்சர் குட்டிகளோடு அதைத் தன் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டார். பத்து நாள் கழித்தும் அது தெம்பாக இருந்ததால் டாக்டர் மீதி நாலு ஊசி வேண்டாம் என்றார். ஏழில் ஐந்தோடு தப்பித்தேன். (இதைப் படித்துவிட்டு யாரும் ஊசி போடாமல் நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.)

டீச்சர் இறந்த பிறகு துக்கம் கேட்கப் போனபோது, அவருடைய தம்பி ஒரு நீள நோட்டைக் காட்டினார். செலவுக் கணக்கு. 'பஸ், ஊசிப் பையன், 10 நாள்' என்று நானும் அதில் இருந்தேன். பரீட்சை ஃபீஸ், சட்டைத் துணி, பால், பிஸ்கட் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக. பிள்ளைகளுக்குத் தனி, நாய்களுக்குத் தனி என்று பிரிக்கவில்லை. ஓரிடத்தில் 'மணி, மருந்து, 3 ரூபாய்' என்று இருந்தது. எங்கள் வகுப்பில் ஒரு மணி இருந்தான். வேப்பமரத்தடியிலும் ஒரு மணி இருந்தது. இது எந்த மணி என்று தம்பிக்கும் தெரியவில்லை.