ஹார்மோனிக்ஸ் கேள்வி-பதில்: அளந்த இடத்தை எழுதாமல் அளவை மட்டும் அனுப்பாதீர்கள்

மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையோடு அதன் மடங்குகளில் கலந்துவரும் அலைகள்தான் ஹார்மோனிக்ஸ்; 5ஆவது என்றால் 250 ஹெர்ட்ஸ். அவற்றை அளப்பது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரு எக்செல் தாளும் ஒரு வரிக் கேள்வியும்தான். எந்த பஸ் (நிலையத்தில் லைன்கள் எல்லாம் வந்து சேரும் கடத்தி), எந்தக் கருவி, பத்து நிமிட மதிப்பா மூன்று விநாடி மதிப்பா என்று எழுதியவர்கள் மிகச் சிலர். அந்த விவரம் இல்லாத தாள்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

110 கேவி பஸ்ஸில் ஒரு வாரம் அளந்தோம். வோல்டேஜ் டிஎச்டி (ஹார்மோனிக்ஸ் மொத்தமும் 50 ஹெர்ட்ஸ் அலையில் எத்தனை சதவீதம் என்பது) சராசரி 1.9%, வரம்பு 2.5%. தேறிவிட்டோம் அல்லவா? (ஈரோடு)

சராசரிக்கு வரம்பே கிடையாது. ஐஇஇஇ 519 என்ற தரநிலை பார்ப்பது ஒரு வாரத்துப் பத்து நிமிட மதிப்புகளின் 95ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் 95 மதிப்புகள் எந்த எண்ணுக்குள் அடங்குகின்றனவோ அதை. அதோடு ஒவ்வொரு நாளும் மூன்று விநாடி மதிப்புகளின் 99ஆம் சதமானம் வரம்பைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும். சராசரி 1.9 என்றால் மாலையில் 3ஐத் தொட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அப்புறம், 2.5 என்பது ஐஇஇஇ அட்டவணை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிகளில் 33 முதல் 132 கேவி வரை 5%. எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சில மதிப்புகள் மிக உயரமாக இருந்தன. அவுட்லையர் என்று நீக்கிவிட்டேன். சரிதானே? (திருச்சி)

தவறு. வாரத்துக்கு 1,008 பத்து நிமிட மதிப்புகள். 95ஆம் சதமானம் எடுக்கும்போதே உச்சியில் இருக்கும் ஐம்பது மதிப்புகள், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல், கணக்கில் வராமல் போகின்றன. அதற்கு முன்பே நீங்களும் கிள்ளி எடுத்தால் ஒரே சலுகையை இரண்டு முறை வாங்குகிறீர்கள். டிப் (வோல்டேஜ் சட்டென்று இறங்குவது), மின்தடை என்று கருவியே கொடி போட்ட மதிப்புகளை மட்டும் ஒதுக்கலாம். எத்தனை ஒதுக்கினீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

இரவில் மின்னோட்ட டிஎச்டி 28% காட்டுகிறது. ஹார்மோனிக்ஸை உறிஞ்சும் ஃபில்டர் வாங்கலாமா? (ஓசூர்)

இந்த எண்ணை வைத்து வாங்காதீர்கள். லோடு இறங்கியதால் வகுக்கும் எண், அதாவது அந்த நேரத்து 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம், சுருங்கிவிட்டது. அதிகபட்ச டிமாண்ட் மின்னோட்டத்தால் வகுத்து வரும் டிடிடியைப் பாருங்கள்.

ஹெச்விடிசி (உயர் அழுத்த நேர்மின்) நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள 400 கேவி பஸ்ஸில், சிவிடி (உயர் வோல்டேஜைக் கருவிக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்துத் தரும் கெபாசிட்டர் வகைப் பெட்டி) செகண்டரியிலிருந்து மூன்று மாதப் பதிவு வைத்திருக்கிறோம். 5ஆவது அதிகம், 11, 13 கிட்டத்தட்ட இல்லை. எந்தப் புள்ளியியல் பரவல் பொருந்தும்: நார்மலா, வெய்புல்லா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

எந்தப் பரவலும் வேண்டாம். முதலில் சிவிடியை விட்டு வெளியே வாருங்கள். இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

சிவிடிக்குள் இருப்பது ஒரு கெபாசிட்டர் அடுக்கு, 50 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த ரியாக்டர், ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர். 50 ஹெர்ட்ஸில் நம்பலாம், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். 250 ஹெர்ட்ஸில் அதே பெட்டியின் விகிதம் வேறு. உள்ளே ஒட்டியிருக்கும் சிதறல் கெபாசிட்டன்ஸும் ரியாக்டரும் சேர்ந்து ஏதோ ஓர் அலைவெண்ணில் ரெசனன்ஸ் (ஒத்ததிர்வு) கொடுக்கும். அந்த இடத்து ஹார்மோனிக் ஊதிப் பெருகும், வேறு சில அமுங்கிப் போகும். தயாரிப்பு, மாடல், பர்டன் (செகண்டரியில் மாட்டியிருக்கும் கருவிகளின் சுமை) மாறினால் அந்த இடமும் மாறும். ஒரே திருத்தக் காரணியால் சரிசெய்ய வழியில்லை.

ஒரு 230 கேவி நிலையத்தில் நானே பார்த்தது. சிவிடியில் 5ஆவது ஏறக்குறைய 4% காட்டியது. ஃபில்டர் வாங்குவது பற்றி இரண்டு மாதம் கூட்டம் நடந்தது. அதே பஸ்ஸில் பழைய எலெக்ட்ரோமேக்னடிக் பிடி (கெபாசிட்டர் அடுக்கு இல்லாத வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்று இருந்தது. கருவியின் வயரை அதன் செகண்டரிக்கு மாற்றிய அன்று மாலை அதே 5ஆவது 1.5% பக்கம் நின்றது. கிரிட் அப்படியேதான் இருந்தது, மாறியது வயர் மட்டும். எத்தனை பேருடைய உழைப்பு வீணானது என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

மூன்று மாதம் என்றால் பதின்மூன்றாயிரம் மதிப்புகள். அத்தனை இருந்தும் இந்தப் பிழை கரையாது, ஏனென்றால் எல்லா மதிப்பிலும் அது ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. ராய்கர்–புகளூர் ஹெச்விடிசி லைனில் இருப்பவை போன்ற 12-பல்ஸ் (ஒரு சுழற்சிக்குப் பன்னிரண்டு முறை ஸ்விட்ச் ஆகும்) நிலையங்கள் முக்கியமாக உண்டாக்குவது 11, 13, 23, 25. யார்டில் நிற்கும் ஏசி ஃபில்டர்கள் அவற்றுக்காகத்தான். உங்கள் பதிவில் 11, 13 காணோம் என்றால் அது ஃபில்டரின் வேலையா, சிவிடி விழுங்கியதா என்று இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது.

சிவிடியின் எர்த் பக்கத்து வயர்களில் கெபாசிட்டர் மின்னோட்டத்தை அளந்து வோல்டேஜைத் திரும்பக் கணக்கிடலாம், அல்லது ஆர்சி டிவைடர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த வோல்டேஜ் பிரிப்பான்) போடலாம். பர்டன் மாறாமல் இருந்திருந்தால் பழைய பதிவில் ஒரு பயன் உண்டு: ஒரே ஹார்மோனிக் இந்த மாதம் கூடியதா குறைந்ததா என்று பார்க்கலாம். வரம்போடு ஒப்பிடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

இரண்டு ஆலைகள் ஒரே பஸ்ஸில் ஒரே ஹார்மோனிக்கை 3%, 4% கொடுத்தால் மொத்தம் 7தானே? (சேலம்)

ஃபேஸ் கோணம் ஒத்துப்போனால் மட்டும். ஐஇசி 61000-3-6 என்ற சர்வதேச ஆவணத்தின் கூட்டல் முறைப்படி 5க்குக் கீழ்ப்பட்ட ஹார்மோனிக்குக்கு 7%, 5 முதல் 10 வரை சுமார் 5.8%, 10க்கு மேல் 5%.

5ஆவது ஹார்மோனிக்கின் ஹிஸ்டோகிராமில் இரண்டு மேடு. சராசரியும் திட்டவிலக்கமும் போட்டு அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். (மதுரை)

திருப்பியது சரியே. இரண்டு மேட்டுக்கு நடுவில் விழும் சராசரியில் கிரிட் ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. கெபாசிட்டர் பேங்க் உள்ளே இருந்த நேரம் ஒரு மேடு, வெளியே இருந்த நேரம் இன்னொன்றாக இருக்கும். ஃபால்ட் லெவல் (ஷார்ட் சர்க்யூட் ஆனால் அந்த பஸ்ஸுக்குப் பாயும் திறன்) 500 எம்விஏ, பேங்க் 20 எம்விஏஆர் என்கிறீர்கள். ரெசனன்ஸ் வரும் ஹார்மோனிக் இந்த இரண்டின் விகிதத்துக்கு வர்க்கமூலம்: 500ஐ 20ஆல் வகுத்தால் 25, 25க்கு வர்க்கமூலம் 5. ரெசனன்ஸ் நேராக உங்கள் 5ஆவதிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்விட்ச்சிங் நேரங்களைப் பார்த்துத் தாளை இரண்டாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனியாக 95ஆம் சதமானம் எடுங்கள். லாக் புத்தகத்தில் கைப்பட எழுதிய நேரம் ஐந்து, பத்து நிமிடம் தள்ளியிருக்கலாம். அந்த ஓரத்து மதிப்புகளை இரண்டிலும் சேர்க்க வேண்டாம்.