மூளையை விடுங்கள், எதிராளி எங்கே?

கேள்வி: தமிழ்நாட்டில் பத்து வயதிலேயே சதுரங்கத்தில் சர்வதேச மாஸ்டர் ஆகிறார்கள். என் மகனுக்குப் பதின்மூன்று. மாவட்டத்தில் இரண்டு வருடமாக அவன்தான் முதலிடம், பிடே (உலக சதுரங்கச் சம்மேளனம்) ரேட்டிங் 1800. அந்தப் பட்டத்துக்கு வேண்டிய நோர்ம் இன்னும் ஒன்றுகூட இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மூளை போதாதா, முயற்சி போதாதா? பேசாமல் சதுரங்கத்தை நிறுத்திவிட்டு ரியூசனுக்கு அனுப்பலாமா? – சாவகச்சேரி வாசகர் ஒருவர்

பதில்: பத்து வயதில் "ஆகிறார்கள்" இல்லை ஐயா, பிரக்ஞானந்தா ஆனார். 2016இல் அவர் அந்தப் பட்டத்தை எடுத்தபோது அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு சின்ன வயதில் எடுத்ததில்லை. உலக சாதனையை அளவுகோலாக்கி வீட்டுப் பிள்ளையை அளந்தால் எந்தப் பிள்ளைதான் தேறும்?

உங்கள் மகனுக்கு மூளையும் இருக்கிறது, முயற்சியும் இருக்கிறது. இல்லாதது எதிராளி. சர்வதேச மாஸ்டர் பட்டத்துக்கு ரேட்டிங் 2400ஐ ஒரு தடவையாவது தொட வேண்டும். அதோடு குறைந்தது 27 ஆட்டங்களைக் கொண்ட மூன்று நோர்ம். மண்டலச் சம்பியன் பட்டம் போன்ற சில வெற்றிகளால் நேராகக் கிடைக்கும் வழியும் உண்டு, ஆனால் பொதுவழி இதுதான். ஒரு நோர்ம் என்றால், ஒன்பது சுற்றில் 2450 தரத்துக்கு ஆடிக் காட்டுவது. எதிரே உட்காருபவர்களில் பாதிப்பேர் சதுரங்கப் பட்டம் பெற்றவர்களாகவும், மூன்று பேராவது சர்வதேச மாஸ்டர் அல்லது அதற்கும் மேலான கிராண்ட்மாஸ்டராகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டவரும் வேண்டும். எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2230 என்றால் ஒன்பதுக்கு ஏழு புள்ளி எடுத்தாக வேண்டும். இப்போது சொல்லுங்கள், வடமராட்சி தொடங்கி வலிகாமம் வரை தேடினாலும் இப்படி ஒன்பது பேரை எங்கே பிடிப்பது?

நோர்மை விடுங்கள், ரேட்டிங்கைப் பாருங்கள். 1800இல் இருக்கும் உங்கள் மகன் 1400இல் இருக்கும் பிள்ளையை வென்றால், அவன் வயதுக்குரிய கணக்கில் 3.2 புள்ளி கூடும். அதே பிள்ளையோடு சமநிலையில் முடித்தால் 16.8 போய்விடும். ஐந்து ஆட்டம் வென்று சேர்த்த 16ஐ ஆறாவது ஆட்டத்தின் சமநிலை துடைத்துவிட்டு, மேலே கொஞ்சமும் எடுத்துக்கொண்டு போகும். தோற்றால் கதையைக் கேட்கவே வேண்டாம். இந்த நிலையில் அவன் மாவட்டத்தில் இன்னும் இரண்டு வருடம் முதலிடம் வந்தால் உங்கள் வீட்டு அலுமாரியில் கேடயம் கூடும், வேறொன்றும் கூடாது.

இன்னொன்று. எங்கள் ஒருநாள் போட்டிகளில் பின்னேரம் நாலு மணிக்குப் பரிசளிப்பு முடிய வேண்டும், ஐந்து மணிக்குப் பிரதம விருந்தினர் போக வேண்டும். அதனால் ஏழு சுற்றையும் ஓட்டமாக ஓட்டுவார்கள். நோர்ம் ஆட்டத்தில் ஒருவருக்குக் குறைந்தது 90 நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி மேலதிகமும் உண்டு. இந்த ஓட்டத்தில் பழகிய பிள்ளை அங்கே போய் உட்கார்ந்தால் கடிகாரத்தில் எழுபது நிமிடம் மிச்சம் இருக்கும்போதே குதிரையைப் பறிகொடுத்துவிட்டு எழும்பி வரும். ஆற அமர யோசிக்க யாரும் பழக்கவில்லை, பாவம் அது என்ன செய்யும்? (கைபேசியில் ஆடி எடுத்த 2100ஐ பிடே ரேட்டிங் என்று நம்பும் பெற்றோருக்கு இன்னொரு இதழில் பதில் சொல்கிறேன்.)

தமிழ்நாடும் ஒரே இரவில் இப்படி ஆகவில்லை. மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். இரண்டாமவரான ரவிக்குமார் வர 1978 ஆனது. இடையில் 1972இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகத்தை ஆரோன் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் அங்கேதான் போனான். வென்றவர் பலகையில் இருப்பார், தோற்றவர் எழும்பி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். தன்னைவிடப் பலமானவர்களிடம் தினமும் தோற்க ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஆனந்த் 1984இல் சர்வதேச மாஸ்டர், 1988இல் கிராண்ட்மாஸ்டர். அதற்கு ஒரு வருடம் முந்தியே, 1987இல், தெற்காசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக பங்களாதேஷின் நியாஸ் முர்ஷெட் வந்துவிட்டார் என்பதையும் சொல்லி வைக்கிறேன். பெரிய நாடு, சின்ன நாடு என்று சாக்குச் சொல்பவர்களுக்கு உதவும்.

ஆகவே இந்தக் கேள்வியை மகனிடம் கேட்காதீர்கள். எங்கள் பழைய மாணவர் சங்கங்களிடம் கேளுங்கள். பொன்னாடைக்கும் பதாகைக்கும் வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது. அதே காசில், சம புள்ளிக்காரரை ஒவ்வொரு சுற்றிலும் மோதவிடும் சுவிஸ் முறையில் ஒன்பது சுற்றுத் திறந்த போட்டி ஒன்றை யாழ்ப்பாணத்தில் நடத்தலாம். சென்னையிலிருந்தும் டாக்காவிலிருந்தும் பட்டம் பெற்ற சிலரைத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்துக் கூப்பிட்டால் வருவார்கள். ஒன்பது நாளைக்கு ஒரு மண்டபமும், சத்தம் போடாத மின்விசிறிகளும், பேச்சாளர் இல்லாத தொடக்க விழாவும் போதும். கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் ஊரில் கஷ்டம்.

ரியூசன் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதற்குள் நிறுத்த ஒரு காரணமும் இல்லை. புலமைப்பரிசில் வருடம் ஒரு தடவை நிறுத்தி, சாதாரண தரத்துக்கு இன்னொரு தடவை நிறுத்தி, பிறகு "ஆர்வம் போய்விட்டது" என்று பிள்ளையின் மேல் பழி போடும் வீடுகள் இங்கே நிறைய. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓடுகிறது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023இல் கப்பலும் வந்தது. கொழும்புக்கு ஒரு முழு இரவு பஸ்ஸில் இருக்கத் தயாரான குடும்பம் இதையும் யோசிக்கலாம். அடுத்த தவணை விடுமுறையில் சென்னையில் என்ன திறந்த போட்டி வருகிறது என்று அவனுடைய பயிற்றுநரிடம் விசாரியுங்கள். முதல் போட்டியில் ரேட்டிங் இறங்கக்கூடும். அதற்காக உறவினர்கள் நாலு பேர் போனெடுத்துத் துக்கம் விசாரித்தால், போனை நீங்களே எடுத்துப் பேசுங்கள், அவனிடம் கொடுக்காதீர்கள்.