பிரெஞ்சு பாஸ்போர்ட், காரைக்கால் வீடு: ஆகஸ்ட் 15-இல் கொடி ஏற்றலாமா?

கேள்வி: காரைக்காலில் பிறந்தவள் நான். இப்போது பாரிஸ் பக்கம் குடியிருக்கிறோம். எனக்கும் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இரண்டும் உண்டு. இந்த ஆகஸ்ட் 15-க்கு அம்மா வீட்டு மாடியில் கொடி ஏற்ற ஆசை. எங்களைப் போன்ற இரட்டைக் குடியுரிமைக்காரர்கள் ஏற்றலாமா? பிரெஞ்சுக் கொடியையும் பக்கத்தில் வைக்கலாமா? ஜனவரி 26-க்கு பிரான்ஸில் லீவு கிடைக்குமா?

பதில்: தாராளமாக ஏற்றுங்கள். ஆனால் ஒரு விஷயத்தை முதலில் சரிசெய்துகொள்வோம். பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவுடனே, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓசிஐ என்பது ஆயுள் முழுக்க வந்துபோகத் தரும் விசா. ஓட்டு கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பழைய இந்திய பாஸ்போர்ட்டை இன்னும் ஒப்படைக்கவில்லை என்றால், கொடியை விட அதுதான் அவசரம்.

காரைக்காலுக்கு இது புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், புதுச்சேரிப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைப்பது 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி நிறைவேறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்று வழிவிட்டார்கள். அப்படித்தான் அண்ணன் பிரான்ஸ், தம்பி இந்தியா என்று ஒரே குடும்பம் இரண்டு நாட்டுக் கணக்கில் வந்தது. எந்த நாளைக் கொண்டாடுவது என்பதை பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை.

கொடி விதிகள் பார்ப்பதும் ஏற்றுகிறவரின் பாஸ்போர்ட்டை அல்ல, கொடியை நடத்தும் விதத்தைத்தான். கொடி 3-க்கு 2 என்ற அளவில் இருக்கவேண்டும், காவி மேலே. கிழிந்ததும் சாயம் போனதும் கூடாது. தரையிலோ தண்ணீரிலோ படக்கூடாது. ஆகஸ்டில் திடீரென்று மழை பிடிக்கும் ஊர் நம்முடையது. மாடித் தொட்டி வழிந்து நிற்கும் மூலையில் கம்பத்தை நடாதீர்கள். கொடிக்குள் ரோஜா இதழ், சாமந்தி வைத்துச் சுருட்டிக் கட்டலாம், விதியே அனுமதிக்கிறது. முடிச்சை மட்டும் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி போட்டு, முதல் நாளே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு வீட்டில் இரவிலும் பறக்கவிடலாம். இருந்தாலும் சாயங்காலம் இறக்கி, பிள்ளைகள் கையில் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். பார்த்துக் கற்பதைவிட செய்து கற்பது அவர்களுக்கு நிற்கும்.

பிரெஞ்சுக் கொடியையும் வைப்பதானால் ஒரே கம்பத்தில் இரண்டு கொடி கூடாது. தனித்தனிக் கம்பம், ஒரே உயரம். தெருவில் நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம் வருவது நம் கொடியாக இருக்கவேண்டும். என்னைக் கேட்டால், ஆகஸ்ட் 15 அன்று மூவர்ணம் மட்டும் போதும். பிரெஞ்சுக் கொடிக்கு ஜூலை 14 இருக்கிறது.

ஒருநாள் தள்ளி, 16-ஆம் தேதியும் இருந்துவிட்டுப் போங்கள். மேலே சொன்ன ஒப்படைப்பு நாள் அது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் அரசு விடுமுறை. நண்டலாறு தாண்டி தமிழ்நாட்டுப் பக்கத்து ஊர்களில் 15-ஆம் தேதி கிராம சபை கூடும். உறவுக்காரர்களோடு போய் உட்கார்ந்து கேட்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சபை அது என்பதால் தீர்மானத்தில் கை தூக்காதீர்கள்.

லீவு விஷயத்தில் உங்களுக்குப் பாதி அதிர்ஷ்டம். பிரான்ஸில் ஆகஸ்ட் 15 மரியன்னை விண்ணேற்புத் திருநாள், பொது விடுமுறை. புதுச்சேரி விடுதலை நாளான நவம்பர் 1 அங்கே அனைத்துப் புனிதர் திருநாள், அதுவும் விடுமுறை. ஜனவரி 26 வேலைநாள்தான். ஆண்டு விடுப்பிலிருந்து ஒரு நாளை எடுக்கவேண்டும், டிசம்பரிலேயே சொல்லிவிடுங்கள். லீவு கிடைக்காவிட்டாலும், டெல்லி அணிவகுப்பு இங்கே காலை பத்தரைக்குத் தொடங்கினால் உங்களுக்கு விடியற்காலை ஆறு மணி. வேலைக்குக் கிளம்பும் முன் பிள்ளைகளோடு பார்த்துவிடலாம்.

பாரிஸ் வீட்டு பால்கனியில் கொடி கட்டும் முன் உங்கள் அடுக்ககத்தின் விதிகளைப் படித்துப் பாருங்கள். பாரிஸில் உள்ள இந்தியத் தூதரகத்திலும் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய இரண்டு நாள்களிலும் கொடியேற்றம் நடக்கும். அதற்குப் போவதானால் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஓசிஐ அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.